பள்ளியில் ஐ.நா. தேர்தல்: அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது

பாலக்கோட்டில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "45 பிள்ளைகளை ஆளுக்கொரு நாடாக வைத்து ஐ.நா. பொதுச்சபை நடத்தப் போகிறோம். பாதுகாப்பு கவுன்சிலின் தற்காலிக இடங்களுக்கு, அதிக ஓட்டு வாங்குபவர் ஜெயித்தார் என்று வைக்கலாமா? ஒரே நாடு நின்றால் ஓட்டெடுப்பை விட்டுவிடலாமா?"

இரண்டுமே கூடாது டீச்சர்.

கவுன்சிலில் 15 நாடுகள். அதில் 5 நிரந்தரம். மீதி 10 நாடுகளுக்கு இரண்டு வருடப் பதவி, வருடத்துக்கு 5 இடம் காலியாகும். ஜெயிக்க, ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2020 தேர்தலையே மாதிரியாக வையுங்கள்: ஆப்பிரிக்கா, ஆசிய பசிபிக், லத்தீன் அமெரிக்காவுக்கு ஒவ்வொன்று, மேற்கு ஐரோப்பா மற்றும் பிற நாடுகள் குழுவுக்கு இரண்டு. உள்ளாட்சியில் தனி வார்டு போலத்தான், எந்தக் குழு என்ற வரம்பு நிற்பவருக்கு மட்டும், ஓட்டு எல்லோருக்கும் உண்டு. அந்த வருடம் 192 நாடுகள் ஓட்டுப் போட்டதால் 128 தேவைப்பட்டது. மேற்குக் குழுவின் இரண்டு இடங்களுக்கு மூன்று பேர் மோதியதில் நார்வே 130, அயர்லாந்து சரியாக 128, கனடா 108. ஆசிய பசிபிக் இடத்துக்கு இந்தியா தனியாகத்தான் நின்றது, ஆனாலும் ரகசிய ஓட்டெடுப்பு நடந்து 184 வாங்கிய பிறகே தேர்வானது. உங்கள் 45 பேரும் போட்டால் 30 வேண்டும், மூன்று பேர் வெற்றுச் சீட்டு போட்டால் 42க்குக் கணக்கிட்டு 28.

அப்புறம், ஒரே நாளில் வேட்பாளரை அறிவித்து அன்றைக்கே சீட்டு கொடுத்துவிடாதீர்கள். நிஜத்தில் பல வருடம் முன்பே ஆதரவு கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள், இங்கே நீ எனக்குப் போடு, வேறொரு தேர்தலில் நான் உனக்குப் போடுகிறேன் என்று பேசி வைக்கிறார்கள். சீட்டு ரகசியம் என்பதால் கொடுத்த வாக்கெல்லாம் ஓட்டாக வந்து சேர்வதில்லை. 1996இல் ஜப்பானை எதிர்த்து நின்ற இந்தியா 142க்கு 40 என்று தோற்றது. பிள்ளைகளுக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். குட்டித் தீவு நாடான துவாலுவுக்கும் ஒரு ஓட்டுதான், சீனாவுக்கும் ஒரு ஓட்டுதான் என்பதால் சின்ன நாடுகளிடம் போய்ப் பேசியே ஆக வேண்டும், எனக்கு இந்தத் தேர்தலில் மிகவும் பிடித்ததே அதுதான். ஒகேனக்கல் தண்ணீர் ஊருக்கு வருவதற்கு எத்தனை வருடம் பிடித்தது என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், கடல் ஏறிவரும் தீவு நாட்டுக்காக நன்றாகவே வாதாடுவார்கள்.

யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை என்றால்? ஒரு இடத்துக்கு முன்னணியில் உள்ள இருவரை மட்டும் வைத்து மூன்று சுற்று, அதிலும் முடியாவிட்டால் அந்தக் குழுவில் யாருக்கும் போடலாம் என்று மூன்று சுற்று, இப்படி மாறி மாறிப் போகும். 2006இல் குவாத்தமாலாவும் வெனிசுவேலாவும் 47 சுற்று இழுத்தன. பெரும்பாலும் குவாத்தமாலாதான் முன்னே, ஆனால் மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை. கடைசியில் இரண்டும் விலக, 48வது சுற்றில் பனாமா வந்தது. 1979இல் கியூபாவும் கொலம்பியாவும் மோதி, 150 சுற்றுகளைத் தாண்டியும் முடியாமல் மெக்சிகோவுக்குப் போனது.

உங்களுக்கு அவ்வளவு நேரம் கிடையாது. ஆறு சுற்றோடு நிறுத்தி, இரண்டு வேட்பாளர்களையும் தனியே உட்கார வைத்து, இருவரும் விலகி மூன்றாவது நாட்டை ஏற்பதா, அல்லது 2016இல் இத்தாலியும் நெதர்லாந்தும் செய்தது மாதிரி ஆளுக்கொரு வருடம் பிரித்துக்கொள்வதா என்று அவர்களே பேசி முடிக்கட்டும். பிரித்துக்கொண்டாலும் சபை ஒருமுறை ஓட்டுப் போட்டுத்தான் ஏற்க வேண்டும்.