வைகாசி வெக்கையில் ஆய்வுகூட எலிகள்: அறையை முதலில் சோதியுங்கள்

கேள்வி: வவுனியாப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். மூலிகைச் சாறு பற்றிய ஒரு மாணவரின் ஆய்வுக்காக விஸ்டார் என்ற ஆய்வுகூட இன எலிகள் 24 வைகாசியில் கொழும்பிலிருந்து வருகின்றன. ஆறு கிழமை வைத்திருக்க வேண்டும். போன வருடம் வந்தவற்றில் மூன்று, இரண்டு நாளுக்குள் செத்துவிட்டன. நாடியெல்லாம் ஈரம், கண்ணோரம் இரத்தம். நஞ்சு என்று சிலர் சொன்னார்கள். அறைக்கு அஸ்பெஸ்டோஸ் கூரை, ஒரே ஒரு ஏசி. கரன்ட் அடிக்கடி நிற்கும். என்ன செய்யலாம்? சட்டப்படி என்ன தேவை?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், நஞ்சுக்கு முன் வெக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். எலிக்கு உடம்பு வியர்க்காது. நாயைப் போல நாக்கை நீட்டி இளைத்துச் சூட்டைத் தணிக்கவும் அதனால் முடியாது. பெரும்பாலும் வால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அதுவும் போதாதபோது எச்சிலை நாடியிலும் நெஞ்சிலும் பூசிக்கொள்ளும். அது காயும்போது உடம்பு கொஞ்சம் குளிரும். நீங்கள் கண்ட ஈரம் பெரும்பாலும் இதுதான். இப்படி எச்சில் பூசும் எலி உடம்பிலுள்ள தண்ணீரையும் சேர்த்தே இழக்கிறது. பயணத்தில் ஏற்கனவே தாகித்து வந்த எலி ஒரு பின்னேரத்திலேயே சரிந்துவிடும்.

கண்ணோரச் சிவப்பும் அநேகமாக இரத்தமாக இருந்திருக்காது. எலியின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து போர்ஃபிரின் என்ற சிவப்புப் பொருள் சுரக்கும். எலி நெருக்கடியில் இருந்தாலோ, நோயுற்று முகம் துடைக்காமல் விட்டாலோ அது கண்ணிலும் மூக்கிலும் படியும். புற ஊதா விளக்கைப் பிடித்தால் இளஞ்சிவப்பாக ஒளிரும். இரத்தம் அப்படி ஒளிராது. இனி ஒன்று செத்தால் உடலை உறைய வைக்காதீர்கள், இழையங்கள் கெட்டுவிடும். 4 பாகை குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காரணம் ஊகமாகவே நின்றுவிட்டால் அடுத்த தொகுதிக்கும் அதே கதிதான்.

எலி அறைக்கு வேண்டியது 20 முதல் 26 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 30 முதல் 70 சதவீதம். கச்சான் அடிக்கும் மாதங்களில் வன்னியின் மத்தியான வெயிலில் அஸ்பெஸ்டோஸ் கூரையின் கீழ் இது தானாகக் கிடைக்காது. ஆகவே எலிகள் வருவதற்கு முன் வெற்று அறையை ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். கூடியது, குறைந்தது இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்றைக் கூட்டின் உயரத்தில், ஏசிக் காற்று நேரே படாத சுவரில் மாட்டுங்கள். இன்னொன்றைப் படுக்கை போட்ட வெறுங்கூட்டுக்குள் மேல்தட்டில் வையுங்கள். மேல்தட்டு எப்போதும் சூடு கூடியது; எலிகள் நிறைந்த கூட்டுக்குள் அறையை விட இன்னும் கூடும். காலை 6, மத்தியானம் 2, பின்னேரம் 6 மணிக்குக் குறியுங்கள்.

அந்தக் கிழமையில் இரண்டு நாட்கள் மத்தியானம் 12 மணிக்கு ஏசியை நிறுத்தி, அறை 28 பாகைக்கு ஏற எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். உங்கள் முழு ஏற்பாடும் அந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது. நாற்பது நிமிடம் என்றால், கரன்ட் போய் அரை மணித்தியாலத்துக்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும். சனி, ஞாயிறிலும் அதை இயக்கத் தெரிந்த ஒருவர் கிட்ட இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லையென்றால் வைகாசியில் எலி எடுக்காதீர்கள். ஆய்வை மார்கழி, தைக்குத் தள்ளிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கூரைக்குக் கீழே வெப்பம் தடுக்கும் சீலிங் போட்டு, மேற்கு யன்னலை வெளிப்பக்கமாக மறைத்தால் அந்த நிமிடக் கணக்கு நன்றாகக் கூடும். ஏசி நின்றதும் யன்னலைத் திறப்பது பலர் விடும் பிழை. மத்தியானத்தில் வெளிக்காற்று அறையை விடச் சூடு. இரவில் மட்டும் அது உதவும்.

அவசரத்துக்கு ஒன்றரை லீற்றர் போத்தல்கள் பத்தில் தண்ணீரை உறைய வைத்திருங்கள். துணி சுற்றிக் கூட்டின் வெளிப்பக்கத்தோடு அணைத்து வைக்கலாம், படுக்கை நனையக்கூடாது. தளர்ந்து, நீட்டி நிமிர்ந்து கிடக்கும் எலியைக் குளிரான இடத்துக்கு மாற்றி, வாலையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிய எலியின் வாயில் தண்ணீர் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

எலிகளை இரவில், ஏசி வானில், விடியுமுன் வந்து சேரும்படி எடுப்பியுங்கள். பயணப் பெட்டிக்குள் வெள்ளரிக்காய்த் துண்டு போட்டால் ஈரம் கிடைக்கும். இறக்கியதும் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதி, வாயைப் போத்தல் நுனியில் தொட்டுக் காட்டுங்கள். வேறு வகைப் போத்தலில் குடித்துப் பழகிய எலி புதியதை அறியாமல் தாகத்தோடு இருக்கலாம். குறைந்தது ஏழு நாள் பழக விட்ட பிறகுதான் மருந்து.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்தலில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு போத்தல் குழாயின் நுனிக் குண்டிலும் படிந்து அதை இறுக்கிவிடும். போத்தல் நிறைந்திருக்கும், எலி தாகத்தில் சாகும். போத்தல் குறையவே இல்லையென்றால் மகிழ வேண்டாம், குண்டைத் தட்டிப் பாருங்கள். 250 கிராம் எலி நாளுக்கு ஏறத்தாழ 25 மில்லிலீற்றர் குடிக்கும், வெக்கையில் இன்னும் கூட. தினமும் காலையில் போத்தலை நிறுத்தால் யார் குடிக்கவில்லை என்பது அன்றைக்கே தெரியும். பழைய தண்ணீரின் மேல் நிரப்பாமல் கழுவி மாற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறை குழாயை வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ இரவு முழுக்க ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து அலசுங்கள். வன்னியில் கிணற்றுக்குக் கிணறு புளோரைட்டும் கடினத்தன்மையும் மாறும். சிறுநீரகமோ ஈரலோ பார்க்கும் ஆய்வென்றால் வடிகட்டிய ஒரே தண்ணீரை ஆறு கிழமையும் கொடுங்கள், எது என்று எழுதியும் வையுங்கள்.

300 முதல் 400 கிராம் வரையான எலி ஒன்றுக்கு ஏறத்தாழ 260 சதுர சென்ரிமீற்றர் தரை வேண்டும். 42க்கு 27 சென்ரிமீற்றர் பெட்டியில் நான்கு அடங்கும் என்று கணக்குச் சொல்லும். வெக்கை காலத்தில் மூன்றே போடுங்கள். எட்டுப் பெட்டி போதும். தனியே அடைக்க வேண்டாம், எலி கூட்டமாக வாழும் உயிர். படுக்கைக்கு ஆலையில் உமி இலகுவாகக் கிடைக்கும், ஆனால் தூசி கூட, கூரும் உண்டு. சலித்து, 121 பாகையில் 20 நிமிடம் ஓட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) போடலாம். தேக்குத் தூளும், மருந்தடித்த பலகையின் தூளும் வேண்டாம். கிழமைக்கு இரு தடவை மாற்றுங்கள். கதவைத் திறந்ததும் உங்களுக்கு மூத்திர நெடி அடித்தால் எலிக்கு அது எப்போதோ கூடிவிட்டது.

தீனி 24 எலிக்கும் நாளுக்குச் சுமார் 360 கிராம். பழகும் ஏழு நாளையும் சேர்த்து ஏழு கிழமைக்கு 18 கிலோ வரும். தயாரித்து ஆறு மாதம் தாண்டியதை வாங்காதீர்கள். பலகை மேல், சுவரில் முட்டாமல், மூடிய வாளியில் வையுங்கள். பூஞ்சை பிடித்த தீனியிலுள்ள அஃப்லடொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். மூலிகையின் விளைவா, தீனியின் விளைவா என்று பிறகு பிரிக்கவே முடியாது. நுளம்புச்சுருளும் பூச்சி மருந்தும் அந்த அறையில் கூடவே கூடாது, அவையும் ஈரல் நொதியங்களை மாற்றும். எறும்புக்கு, தட்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். காட்டெலியும் பாம்பும் வராதபடி கதவடி இடைவெளியை 6 மில்லிமீற்றருக்குள் அடையுங்கள். காட்டெலியின் மூத்திரத்தோடு எலிக்காய்ச்சல் உள்ளே வரும்.

எலியைத் தோளைச் சுற்றிப் பிடித்து, மறுகையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள். வால் நுனியில் தூக்கினால் தோல் உரிந்து கையில் வரும். கடித்தால் ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரியில் காட்டி, ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் எலியோடு வேலை செய்வதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தும்மல், கண் கடி, மூச்சிரைப்புத் தொடங்கினால் அது எலி மூத்திரப் புரதத்துக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். கையுறை, முகக்கவசம், அறைக்கென்றே ஒரு மேலங்கி என்பவற்றை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள்.

சட்டத்துக்கு வருவோம். விலங்குகளை வதைப்பதற்கு எதிரான அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நடைமுறையில் உங்களுக்கு முதலில் வேண்டியது நிறுவனத்தின் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் எழுத்து அனுமதி. எலிக்கு ஓடர் கொடுக்க முன்பே அது கையில் இருக்க வேண்டும். முடிந்த பின் எடுக்க முடியாது, அந்த அனுமதி இலக்கம் இல்லாமல் சஞ்சிகைகளும் கட்டுரையை ஏற்பதில்லை. ரஸ்ஸல், பேர்ச் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1959இல் வகுத்த மூன்று கேள்விகளைத்தான் குழுவும் கேட்கும்: விலங்கில்லாமல் செய்ய முடியாதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, வேதனையைத் தணிக்க முடியாதா? மருந்தின் அளவோ எலிகளின் எண்ணிக்கையோ மாறினால் திருத்த அனுமதி வேண்டும். அறைச் சோதனையில் எடுத்த வெப்பநிலைக் குறிப்பையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

வாயால் கொடுக்கும் சாறு கிலோவுக்கு 10 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது. 250 கிராம் எலிக்கு இரண்டரை. எடுக்கும் இரத்தம் ஒரு தடவைக்கு 1.6 மில்லிலீற்றருக்குள், அதன் பின் இரண்டு கிழமை ஓய்வு. எப்போது நிறுத்துவது என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும்: தொடக்க நிறையில் 20 சதவீதம் குறைந்தால், நடக்காமல் கூனிக் கிடந்தால், அந்த எலி தானாகச் சாகும்வரை காத்திருக்க வேண்டாம். வலியில்லாமல் முடிக்கும் முறையை மிருக வைத்தியரோடு சேர்ந்து தீர்மானியுங்கள். பழைய மயக்க மருந்துகளான ஈதரும் குளோரோபோமும் இன்னும் சில அலுமாரிகளில் இருக்கின்றன. இரண்டும் வேண்டாம். ஈதர் மூச்சுக்குழாயை எரிக்கும். ஈதர் ஊறிய உடலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் ஆவி தீப்பற்றி வெடிக்கலாம். காபனீரொட்சைட்டு என்றால் சிலிண்டரிலிருந்து, நிமிடத்துக்குப் பெட்டிக் கொள்ளளவின் 30 முதல் 70 சதவீதம் வரை விட வேண்டும்; உலர்பனிக்கட்டி கூடாது. மற்ற எலிகள் இருக்கும் அறையில் செய்யாதீர்கள். மூச்சு நின்ற பிறகும் இதயத் துடிப்பைப் பார்த்து உறுதி செய்து, அதன் பின்னரே உடலைப் பையில் இட்டு எரியுலைக்கு அனுப்புங்கள்.