வாசகர் கேள்வி – பதில்: ஒரு நிமிடம் மட்டுமே பேசும் மூலக்கூறுகள்

கேள்வி: காந்த ஒத்ததிர்வில் (எம்ஆர்ஐ படமெடுப்பின் அடிப்படை) கார்பன்-13, அதாவது கார்பனின் சற்றுக் கனமான வகை, ஏன் இவ்வளவு பலவீனமாகத் தெரிகிறது? மிகைமுனைவாக்கம் செய்தால், அதாவது அணுக்கருக்களைச் செயற்கையாக ஒரே பக்கம் திருப்பி நிறுத்தினால், சமிக்ஞை பத்தாயிரம் மடங்கு கூடும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தில், உடல் வெப்பநிலையில், பத்து லட்சம் கார்பன்-13 அணுக்கருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிக் காந்தங்களான இவற்றில் ஒரு பக்கம் நிற்பவை மறுபக்கம் நிற்பவற்றைவிட இரண்டோ மூன்றோதான் அதிகம். சமிக்ஞை தருவது இந்த மிகுதி மட்டுமே; இதன் விகிதமே முனைவு. மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். போதாக்குறைக்கு, இயற்கைக் கார்பனில் கார்பன்-13 இருப்பதே 1.1 சதவீதம்.

2003-ல் ஆர்டென்கேர்-லார்சன் குழு வெளியிட்ட முறை இதைப் புரட்டிப்போட்டது. மாதிரியோடு ஒரு தனி உறுப்பை (இணையில்லாத எலெக்ட்ரான் கொண்ட மூலக்கூறை) கலந்து, ஏறத்தாழ 1.2 கெல்வினுக்குக் குளிர்வித்து, மைக்ரோ அலையால் எலெக்ட்ரானின் முனைவைக் கருவுக்கு மாற்றி, பிறகு கொதிநிலையைத் தாண்டிச் சூடாக்கிய நீரில் சட்டென்று கரைக்கிறார்கள். 25 சதவீத முனைவு கைக்கு வந்தால், 3 டெஸ்லாவில் அது ஒரு லட்சம் மடங்கு. ஆனால் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர் இது. டி-1 எனப்படும் தளர்வு நேரம் ஒன்று கடந்தால் மிஞ்சுவது 37 சதவீதம். மூன்று கடந்தால் 5.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடைக் காட்டும் உணரி ஒன்றை, அதாவது அதோடு வினைபுரிந்து சமிக்ஞை மாறும் மூலக்கூறை, வடிவமைக்கிறேன். பென்சாயில்ஃபார்மேட்டை எடுக்கலாம் என்று எண்ணம். எந்தக் கார்பனில் அடையாளம் வைப்பது, அதாவது எதைக் கார்பன்-13 ஆக்குவது?

வினையை அப்புறம் பார்க்கலாம். முதலில் டி-1-ஐப் பாருங்கள். வினை எவ்வளவு அழகாக நடந்தாலும், குறியிட்ட கார்பன் பத்து நொடியில் அணைந்துவிட்டால் அந்த மூலக்கூறால் பயனில்லை. நேரடியாக ஹைட்ரஜன் ஒட்டிய கார்பனைத் தொடாதீர்கள். ஹைட்ரஜன் இல்லாத கார்போனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புள்ள) கார்பன்தான் நமக்கு வேண்டியது. உடலில் சர்க்கரை சிதையும்போது உருவாகும் பைருவேட்டின் முதல் கார்பன் 3 டெஸ்லாவில் சுமார் ஒரு நிமிடம் தாங்குகிறது. அது மனிதர்களில் சோதிக்கும்வரை போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மூலக்கூறில் அப்படிப்பட்ட கார்பன் இரண்டு இருக்கின்றன: கார்பாக்சில், கீட்டோ. பெராக்சைடு தாக்கினால் கார்பாக்சில் கழன்று கார்பன் டைஆக்சைடாகப் போகும். குறி அங்கே இருந்தால் நீங்கள் தேட வேண்டியது கார்பன் டைஆக்சைடையும் பைகார்பனேட்டையும்; உடலில் அவை வேறு வழிகளிலும் உருவாகும், குழப்பம். கீட்டோ கார்பனில் வைத்தால் அதுவே பென்சோயேட்டின் கார்பாக்சில் ஆகும், அதன் சமிக்ஞை ஏறத்தாழ 20 பிபிஎம் (பிபிஎம் என்பது அலைவெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இடம்பெயரும். 3 டெஸ்லாவில் ஒரு பிபிஎம் 32 ஹெர்ட்ஸ். ஆக 640 ஹெர்ட்ஸ் இடைவெளி. தாராளம். ஓரிரு பிபிஎம் மட்டும் நகரும் உணரிகள் சோதனைக் குழாயில் பளிச்சென்று பிரிந்து தெரியும். திசுவுக்குள் கோடுகள் அகன்று ஒன்றின்மேல் ஒன்று விழும்.

வினை வேகத்தையும் கணக்கிடுங்கள். அரை ஆயுள் 30 நிமிடம் என்றால் ஒரு நிமிடத்தில் மாறுவது 2.3 சதவீதம். அதுவும் பெராக்சைடு தாராளமாக இருந்தால். உயிரணுவில் அது மைக்ரோமோலாரிலோ அதற்கும் கீழோதான் கிடக்கிறது; உணரியோ மில்லிமோலார் கணக்கில். பெராக்சைடு தீர்ந்ததும் சமிக்ஞையும் அங்கேயே நிற்கும். என் கருத்தில், அளக்கும் பொருள் தீர்ந்துபோகிற உணரியைவிட, நொதி ஒன்று திரும்பத் திரும்ப மாற்றித் தருகிற உணரிக்கே வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று: புலம் கூடக் கூட எல்லாம் நல்லதே என்ற பழக்கம் இங்கே காலை வாரும். கார்போனைலின் வேதிப்பெயர்ச்சி (சுற்றியுள்ள எலெக்ட்ரான்களால் அலைவெண் நகரும் அளவு) திசைக்குத் திசை மாறுபடுவதால், உயர்புலத்தில் டி-1 குறைகிறது. எந்தப் புலத்தில் படம் எடுக்கப்போகிறீர்களோ அங்கேயே அளந்து பாருங்கள்.

கேள்வி: திண்ம நிலையில் 20 சதவீத முனைவு காட்டிய மாதிரி, கரைத்து அளந்தால் 3 சதவீதம். எங்கே போயிற்று?

20-லிருந்து 3 என்பது 1.9 டி-1 கடந்ததற்குச் சமம். கரைத்ததிலிருந்து அளந்ததுவரை 20 நொடி ஆனது என்று வையுங்கள். வழியில் உங்கள் டி-1 சுமார் பத்தரை நொடிதான் இருந்திருக்கிறது. காந்தத்துக்குள் அளந்த டி-1 முப்பது நொடி என்றால், திருடன் நடுவழியில் இருக்கிறான்.

முதல் சந்தேகம் தாழ்புலம். குறியிட்ட கார்பனுக்கு அடுத்து நைட்ரஜன்-14 இருந்தால், புவிக்காந்த அளவுக்கு இறங்கும் இடத்தில் முனைவு வேகமாகக் கரையும். அதை நைட்ரஜன்-15 ஆக மாற்றுங்கள், அல்லது சிறு நிலைக்காந்தம் பொருத்திய தாங்கியில் கொண்டுபோங்கள். அடுத்தது கரைசலில் மிஞ்சும் தனி உறுப்பு. நைட்ராக்சைடு வகையாக இருந்தால் கரைக்கும் நீரில் அஸ்கார்பேட் சேர்த்து அடக்கலாம். உலோக அயனிகளைப் பிடித்து வைக்க ஈடிடிஏ, லிட்டருக்கு 0.1 கிராம் போதும்.

திண்ம நிலையிலேயே முனைவு ஏறாவிட்டால் அது வேறு நோய். உறைந்த மணியைக் கண்ணால் பாருங்கள்: கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் மாதிரி படிகமாகி, தனி உறுப்புகள் விளிம்புகளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. கிளிசராலோ டிஎம்எஸ்ஓவோ சேர்த்து மறுபடி உறையவையுங்கள். சுத்தமான பைருவிக் அமிலம் தானே கண்ணாடியாகும். 15 மில்லிமோலார் டிரைட்டில் (தனி உறுப்பில் ஒரு வகை) கலந்தால் போதும்.

கேள்வி: துடிப்புக் கோணம், அதாவது ஒவ்வொரு ரேடியோத் துடிப்பும் முனைவைச் சாய்க்கும் கோணம், எவ்வளவு வைப்பது?

செலவழித்த முனைவு திரும்பாது. 90 டிகிரி கொடுத்தால் ஒரே படம், அவ்வளவுதான். 30 டிகிரியில் பத்துத் துடிப்புக்குப் பிறகு மிஞ்சுவது 24 சதவீதம். 10 டிகிரியில் 86. இதில் டி-1 இழப்பைச் சேர்க்கவில்லை. உணரியும் விளைபொருளும் அலைவெண்ணில் நன்றாக விலகியிருந்தால், உணரிக்குச் சிறு கோணம், விளைபொருளுக்குப் பெரிய கோணம் எனத் தனித்தனியே கொடுக்கலாம். 640 ஹெர்ட்ஸ் இடைவெளி இங்கேதான் கைகொடுக்கும்.