இரண்டு ரப்பர் ரோலரில் காப்புரிமை எடுக்க என்ன இருக்கிறது?

கேள்வி: காப்பியர், பிரிண்டர் போன்ற மெஷின்களில் தாளை நகர்த்தும் பகுதிக்காக மட்டுமே பல காப்புரிமைகள் வைத்திருக்கும் கண்டுபிடிப்பாளர்கள் இருக்கிறார்களே, அதில் அப்படி என்ன கண்டுபிடிக்க இருக்கிறது?

காப்பியர் சர்வீஸ் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருக்கிற தலைவலியில் பெரும்பகுதி அந்தப் பகுதியில்தான்.

டிரேயில் இருக்கும் கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை எடுக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் ஈரப்பதத்தாலும் நிலைமின்சாரத்தாலும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேல் தாளை பிக்கப் ரோலர் இழுத்தால் அடுத்ததும் கூடவே கிளம்பிவிடும். இதைத் தடுக்கும் ரிடார்ட் ரோலர்தான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு.

மேலே இருக்கும் ஃபீட் ரோலர் தாளை முன்னே தள்ளும். அதை ஒட்டிக் கீழே இருக்கும் ரிடார்ட் ரோலரை மோட்டார் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். ஆனால் நேரடியாக அல்ல. நடுவில் டார்க் லிமிட்டர் என்று ஒரு சின்ன கிளட்ச் உண்டு. குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் அது வழுக்கிவிடும். ஒரே தாள் வந்தால், ஃபீட் ரோலரின் பிடி அந்தத் தாள் வழியாகவே கீழ் ரோலருக்குப் போய், அதையும் முன்னோக்கிச் சுழல வைத்துவிடும். இரண்டு தாள் வந்தால்? தாளுக்கும் தாளுக்கும் இடையே உராய்வு குறைவு, கிளட்சை வெல்ல அது போதாது. உடனே கீழ் ரோலர் பின்னோக்கிச் சுழன்று இரண்டாவது தாளைத் திருப்பித் தள்ளிவிடும். வந்தது ஒன்றா இரண்டா என்று பார்க்க அங்கே சென்சாரே வேண்டாம், உராய்வே முடிவு செய்கிறது. ரப்பர் தேய்ந்தால் இந்தக் கணக்கு குலைந்து டபுள் ஃபீட், ஜாம் எல்லாம் வரிசையாக வரும்.

அப்புறம் கோணலாக வரும் தாள். நின்றிருக்கும் ஒரு ஜோடி ரோலரில் அதன் முன் விளிம்பை முட்ட விட்டு, தாள் லேசாக வளைந்து நேரானதும் ரோலரைச் சுழல விடுவார்கள்.

காப்புரிமையில் யாரும் 'ரோலர்' என்று பொதுவாக உரிமை கோர முடியாது. பிக்கப் ரோலரை எந்தக் கணத்தில் தூக்குவது, தடித்த தாளுக்கு அழுத்தத்தை எப்படி மாற்றுவது போன்ற நுணுக்கங்களில்தான் கோருவார்கள். சர்வதேச காப்புரிமை வகைப்பாட்டில் இதற்கென்றே பி65எச் என்ற பிரிவு இருக்கிறது. கட்டிலிருந்து தாளைப் பிரிப்பதற்கு அதில் ஒரு உட்பிரிவு, நேராக்குவதற்கு வேறொன்று!

செஸ்டர் கார்ல்சன் உலர் நகல் முறையில் முதல் பிரதியை எடுத்தது 1938-இல். காப்புரிமை கிடைத்தது 1942-இல். அந்த முறையில் இயங்கிய ஜெராக்ஸ் 914 காப்பியர் அறிமுகமானது 1959-இல். இடைப்பட்ட காலம் முழுக்க தாளுக்காகச் செலவானது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தாளும் தன் பங்குக்குப் படுத்தியது. நகலின் பிம்பம் உருவாகும் உருளையான டிரம்மில் ஒட்டிய தாளைக் காற்றை ஊதிப் பிரிக்க வேண்டியிருந்தது. மைத்தூளை உருக்கும் சூடான பகுதியில் தாள் சிக்கினால் தீப்பிடிக்கும் என்பதால் மெஷினோடு ஒரு தீயணைப்பானையும் கொடுத்தார்கள். விற்பனைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஸ்கார்ச் எலிமினேட்டர்'.

இந்த வகைக் காப்புரிமையைப் படித்துப் பார்க்க ஆசையிருந்தால் முதலில் படத்தையும் முதல் உரிமைக்கோரலையும் பாருங்கள். நடுவில் இருக்கும் பக்கங்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.