அலமாரி பூட்டுறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்ட அக்காவுக்கு

வணக்கம்க்கா, நேத்து ராத்திரி நீங்க போட்ட வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். நம்ம மலேசியாவுல பள்ளிக்கூடக் கடைசி பரீட்சையான எஸ்.பி.எம். முடிச்ச ஒங்க பையன் ஈப்போ, சிம்மோர்னு ஊர் ஊரா மோட்டார் சைக்கிள்ல சுத்தி, பெட்டியில வர்ற பலகைங்கள சேத்து அலமாரி பூட்டிக்கிட்டு திரியுறான், ஸ்க்ரூ முடுக்குறதெல்லாம் ஒரு பொழப்பான்னு அழுதீங்க. ஒங்க பையன், அதான் நம்ம தம்பிய நிறுத்தாதீங்க, அந்த வேலைக்கு ஒரு சான்றிதழ் வாங்க வைங்க, என் பதில் இதுதான்.

ஏன் சொல்றேன்னா போன மாசம் எங்க டியூஷன் சென்டருக்கு தம்பிதான் வந்து அலமாரி பூட்டுனாரு, நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன். பெட்டிய பிரிச்ச அட்டையவே தரையில விரிச்சு அது மேல பலகைய வச்சாரு, கோடு விழக்கூடாதுன்னு. ஸ்க்ரூ, மரக்குச்சி, பலகைய இறுக்கிப் புடிக்கிற லாக் எல்லாத்தையும் பெட்டியோட வர்ற புக்ல இருக்குற கணக்கோட எண்ணி தனித்தனியா மைலோ டின் மூடியில போட்டாரு. எல்லா ஸ்க்ரூவையும் மொதல்ல பாதி முடுக்கி விட்டுட்டு, மூலைக்கு மூலை குறுக்கால டேப் புடிச்சு ரெண்டு அளவும் ஒண்ணா வருதான்னு பாத்துட்டுத்தான் பின்பலகைய அடிச்சாரு, அது கோணலா போச்சுன்னா கதவு என்னைக்கும் நேரா மூடாது. இத யாரும் சொல்லிக் குடுக்கலக்கா, அவரா கத்துக்கிட்டது.

தப்பும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். லாக்க ட்ரில்லால திருகுனாரு, ஒரு மூலை உதிர்ந்து போச்சு. சிப்போர்டுங்கிறது மரத்தூள பசை போட்டு அழுத்துனது, ஓட்டை ஒரு தடவ லூசாச்சுன்னா திரும்ப புடிக்காது, கடைசி முடுக்கு கையாலதான் முடுக்கணும். அப்புறம் படுக்க வச்சு பூட்டுன அலமாரிய தூக்கி நிறுத்தும்போது சீலிங்ல இடிச்சிடுச்சு. 200 சென்டிமீட்டர் உயரம், 60 ஆழம்னா நிமித்துறப்ப கிட்டத்தட்ட 209 வேணும், அத பூட்டுறதுக்கு முன்னாடியே அளந்திருக்கணும்.

எனக்கு ரொம்ப பயம் வேற ஒண்ணுல. டிராயர் அலமாரிய செவத்தோட புடிச்சு கட்டாம வர்ற பசங்க நெறய பேரு. புள்ளைங்க டிராயர இழுத்து அது மேல ஏறுனா அப்படியே அவங்க மேல சாஞ்சிடும். அமெரிக்காவுல கொழந்தைங்க இப்படி செத்துப்போயி 2016ல ஐக்கியாங்கிற தளவாடக் கம்பெனி ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிய திரும்ப எடுத்துக்க வேண்டியதா போச்சு. வீட்டுக்காரங்க வேணாம்னாலும் கேட்டு, சொல்லி, மாட்டிட்டுத்தான் வரணும்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன், நீங்களும் சொல்லுங்க.

இன்னொண்ணுக்கா, நீங்க இத்தன வருசம் பால் வெட்டுன ரப்பர் மரம் 25, 30 வருசத்துல பால் கொறஞ்சதும் வெட்டிடுவாங்கல்ல, முன்ன அது வெறும் விறகு, இப்ப ஜொகூர்ல மூவார் பக்கம் ஃபேக்டரிங்கள்ல மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்கே போகுது. ஒங்க மவன் தொடுற மரம் ஒங்களுக்கு அன்னியமில்ல.

இப்ப சான்றிதழ். எஸ்.கே.எம்.ங்கிற மலேசிய தொழில்திறன் சான்றிதழ் வாங்க வகுப்புல ஒக்காந்து படிக்கிறது ஒரு வழி. ஃபேக்டரில வேலை செஞ்சுக்கிட்டே பயிற்சி எடுக்குற எஸ்.எல்.டி.என்.ங்கிற திட்டம் இன்னொரு வழி, பெரும்பகுதி வேலை எடத்துலயே நடக்கும். பி.பி.டி.ன்னு, முன்னாடி செஞ்ச வேலைய அங்கீகரிக்கிற வழி ஒண்ணு இருக்கு, அதுல பல வருசம் செஞ்ச வேலைய ஆதாரத்தோட காட்டி சான்றிதழ் வாங்கலாம், அதுக்கு போட்டோ, ரசீது, வேலை குடுத்தவங்க கடிதம் எல்லாம் சேத்து வச்சாத்தான் ஆகும். மூணாவது லெவல் வரைக்கும் எஸ்.கே.எம்., அதுக்கு மேல டிப்ளோமா இருக்கு, அதனால படிப்பு நின்னு போச்சுன்னு நெனைக்காதீங்க.

தனியா செய்யணும்னா 18 வயசானதும் வியாபாரம் பதியுற எஸ்.எஸ்.எம். ஆபீஸ்ல பதியலாம், சொந்த பேர்ல வருசத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடை பேர் வச்சா 60. வேலை செய்றவங்க விபத்துக்கு காப்புறுதி குடுக்குற பெர்கேசோவுல சுயதொழில் செய்றவங்களுக்கு 2017ல வந்த சட்டப்படி பாதுகாப்பு இருக்கு, மோட்டார்ல சாமானோட ஓடுற பையனுக்கு அது கட்டாயம் வேணும்க்கா, இதுல கஞ்சத்தனம் வேணாம். கூலி எவ்வளவுன்னு போறதுக்கு முன்னாடியே வாட்ஸாப்ல எழுதி அனுப்பணும், முடிச்சப்புறம் பேரம் பேசுனா சண்டைதான்.

சனிக்கிழமை காலையில தம்பிய ஐ.சி. (அடையாள அட்டை), எஸ்.பி.எம். ரிசல்ட் ஸ்லிப் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. இதுவரைக்கும் பூட்டுன அலமாரி போட்டோ போன்ல கெடந்தா ஒண்ணையும் அழிக்க வேணாம்னு சொல்லுங்கக்கா.