கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர், அதாவது அங்கே மாறிப் படிப்பைத் தொடர வேண்டும். எந்தெந்த அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம்?

நானும் கம்யூனிட்டி காலேஜில் இருந்து யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், போனவன்தான். கேம்பஸ் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டு உட்காராதீர்கள். பள்ளி முடித்து நேரே சேருபவர்களுக்கு அது சரிவரலாம். டிரான்ஸ்ஃபரில் கிட்டத்தட்ட எல்லாமே மேஜரை (முதன்மைப் பாடம்) வைத்துத்தான். உங்கள் மேஜருக்கு அந்தக் கேம்பஸ் கேட்கும் பாடங்களை முடித்திருக்கிறீர்களா என்பதுதான் முதல் வடிகட்டி.

அதற்கு, எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைத் திறங்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். சில இடங்களில் உங்கள் கல்லூரிப் பாடங்கள் இரண்டுக்கு நடுவே 'அண்ட்' என்று போட்டிருக்கும். இரண்டையும் முடித்தால்தான் அங்கே ஒன்றாகக் கணக்கு. அவசரத்தில் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. சில வரிகளில் 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று வரும். பயப்பட வேண்டாம், உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடாக ஏற்கப்பட்ட பாடம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்கிறதா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

ஒரே படிப்புக்கு ஒவ்வொரு கேம்பஸும் எவ்வளவு வேறுபடுகிறது என்பது அப்போதுதான் புரியும். பெர்க்லியையே பாருங்கள், இரண்டு வாசல். இன்ஜினியரிங் கல்லூரியின் ஈஈசிஎஸ் (மின் பொறியியலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்தது) ஒன்று, கம்ப்யூட்டிங் கல்லூரியின் சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) இன்னொன்று. முதலாவதற்கு இயற்பியலும் வேண்டும். இயற்பியல் தொடாமலே ஈஈசிஎஸ்ஸுக்குப் போடுவது 80 டாலரைத் தூக்கிக் கொடுப்பதுதான். யூசிக்கு விண்ணப்பம் ஒன்றுதான், ஆனால் கட்டணம் கேம்பஸுக்குத் தனித்தனி. (குடும்ப வருமானம் குறைவு என்றால் நான்கு கேம்பஸ் வரை கட்டண விலக்கு கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.)

அடுத்தது டேக், அதாவது இடம் உறுதி தரும் ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு கேம்பஸ்கள் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. ஆறில் ஒன்றுக்குத்தான் போடலாம். செப்டம்பர் மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதன்பின் வழக்கமான விண்ணப்பத்தையும் அனுப்பியாக வேண்டும். அங்கே எல்லா மேஜருக்கும் டேக் உண்டு என்று நம்பிவிடாதீர்கள். சாண்டா பார்பராவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் கல்லூரிக்குள் இருக்கிறது. அந்தக் கல்லூரிக்கு டேக் கிடையாது. உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்துவதால் சொல்கிறேன்.

ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) விஷயத்தில் குறைந்தபட்சம் 2.4 என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மாநிலவாசிகளுக்கு விண்ணப்பிக்கும் தகுதி, அவ்வளவே. மேஜர் வாரியாக எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, கிடைத்தவர்களின் ஜிபிஏ எந்த வரம்பில் இருந்தது என்று யூசியே தன் தகவல் மையப் பக்கத்தில் போடுகிறது. கேம்பஸின் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு அந்த அட்டவணையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிசையைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும், சொல்லிவிட்டேன்.

கல்விக் கட்டணம் மாநிலவாசிக்கு எல்லா யூசியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டு வாடகைதான் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. பெர்க்லியும் மெர்செட்டும் செமஸ்டர் முறை, மற்றவை குவாட்டர். குவாட்டரில் பாடம் நடப்பது பத்தே வாரம். ஊர் புதிது, வழி தெரியாது, அதற்குள் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே மிட்டெர்ம் வந்து நிற்கும். எனக்கு அந்த ஓட்டம் பிடித்தது. கூட வந்த நண்பனுக்கு ஒரு வருடம் மூச்சுமுட்டியது. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான சிஎஸ்யூவை (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஒதுக்கிவிடாதீர்கள். கம்யூனிட்டி காலேஜில் ஏடிடி என்கிற டிரான்ஸ்ஃபர் பட்டத்தை முடித்தால் அந்த அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி. ஆனால் நீங்கள் விரும்பும் கேம்பஸில், விரும்பும் மேஜரில் என்று உறுதி கிடையாது. சான் ஹோசே, சான் டியாகோ ஸ்டேட் இரண்டிலும் நெருக்கடி அதிகம்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் டேக்குக்கு ஒன்று, ஆசைக்கு இரண்டு, ஜிபிஏ வரம்புக்குள் நன்றாகவே அடங்கும் ஒன்று, அப்புறம் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒரு சிஎஸ்யூ என்று போடுவேன். அதற்குமேல் போடுவதாக இருந்தால், அந்தக் கேம்பஸின் அசிஸ்ட் பக்கத்தில் விடுபட்ட பாடம் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு போடுங்கள்.