கேள்வி – பதில்: பிராக்ஸ்டனின் ஆல்டோ

கே: அமெரிக்க ஜாஸ் கலைஞர் அன்டனி பிராக்ஸ்டனை எல்லோரும் இசையமைப்பாளர் என்றே கொண்டாடுகிறார்கள். சாக்ஸபோன் கலைஞராக அவர் எப்படி?
– வாசகர், ஹட்டன்

ப: முதல் வரிசை. அது பலர் காதில் விழாமல் போனதற்கு அவரே ஒரு காரணம். உருப்படிகளுக்குப் பெயருக்குப் பதிலாகக் கோட்டுப்படமும் எண்ணும் வைத்தார். 1978இல் நான்கு ஓர்கெஸ்ட்ராக்கள் சேர்ந்து வாசிக்க ஒன்று எழுதினார். பேச்செல்லாம் அதிலேயே போய்விட்டது. ஆனால் அவருடைய இசையமைக்கும் முறை பிறந்ததே சாக்ஸபோனில்தான். பக்கவாத்தியம் இல்லாமல் தனியாளாகக் கச்சேரியை நிரப்ப வேண்டியிருந்ததால், வாசிக்கும் ஒலிகளை நீண்ட ஒலி, வெட்டு ஒலி, அதிர்வு எனப் பிரித்து 12 வகைகளாக அடுக்கினார்.

1969இல் பதிவாகி 1971இல் வந்த ‘ஃபோர் ஆல்டோ’ (For Alto) முழுக்க ஒரே ஆல்டோ சாக்ஸபோன்தான், இரட்டை இசைத்தட்டு. அதில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜுக்குச் சமர்ப்பித்த உருப்படி சீறிப் பாய்கிறது. ‘கத்துகிறார்’ என்று அத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வேகத்தை விடுங்கள், ஒவ்வொரு சுரமும் தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். நாக்கு ரீட்டை (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகட்டை) தொட்டு விலகுவது எங்கும் குழறவில்லை.

அப்படியும் சந்தேகமா? 1974இல் கோப்பன்ஹேகனில் பதிவான ‘இன் தி ட்ரடிஷன்’ கேளுங்கள். டெனர் சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கோர்டன் சுகமில்லாமல் போக, அவசரத்துக்கு இவர் போய் நின்ற பதிவு. பழகிய பாட்டுகள், வழக்கமான பக்கவாத்தியம். ஆல்டோ கலைஞர் போல் டெஸ்மண்டிடம் பிராக்ஸ்டன் கொண்ட பிரியம் அங்கே வெளிச்சமாகிறது.

கே: தேவாலயக் குழுவில் ஆல்டோ வாசிக்கிறேன். ஒரே விரல்பிடியில் இரண்டு ஒலிகளை எழுப்பப் பழகுவது எப்படி? குளிரில் சுருதியும் இறங்குகிறது.
– வாசகர், நுவரெலியா

ப: முதலில் குளிர். குழலுக்குள் காற்றின் வெப்பம் 1 பாகை செல்சியஸ் குறைந்தால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும்; அரைச் சுரம் என்பது 100 சென்ட். சாவிகளை எல்லாம் மூடி, சத்தம் எழாமல் சில நிமிடம் உள்ளே ஊதுங்கள். போதாவிட்டால் மவுத்பீஸை (வாயில் வைக்கும் பகுதியை) 1, 2 மில்லிமீற்றர் உள்ளே தள்ளுங்கள். உதட்டை நெரித்து ஏற்றப் பார்த்தால் தொனி மெலிந்துவிடும். ஈரத்தில் ஜி ஷார்ப் பேட் (அந்தச் சாவியின் அடியில் துளையை மூடும் தோல் மெத்தை) ஒட்டினால் மெல்லிய உறிஞ்சுதாளைச் செருகி, சாவியை மெதுவாக மூடித் திறந்து எடுங்கள். மூடியிருக்கும்போதே தாளை இழுத்தால் பேட்டின் தோல் கிழியும்.

இரட்டை ஒலிக்கு, கீழ் பி ஃபிளாட்டைப் பிடித்து, விரலை அசைக்காமல் மேல் பி ஃபிளாட், பிறகு எஃப், அதற்கும் மேல் பி ஃபிளாட் என ஏறுங்கள். ஆக்டேவ் சாவியை (ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் சாவியை) தொடக்கூடாது. வேலை தொண்டைக்கும் நாக்கின் உயரத்துக்கும்தான். எஃப் நிலைத்ததும் காற்றைச் சற்றுத் தளர்த்தினால் கீழ்ச் சுரமும் கூடவே எழும். கீழ் பி ஃபிளாட்டே தடுமாறினால் பெரும்பாலும் பேட் கசிகிறது. இருட்டறையில் குழலுக்குள் சிறு பல்பை இறக்கி, சாவிகளை மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் பேட்டைத்தான் மாற்ற வேண்டும்.