ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஃப்ரேம் ஸ்லைடர் நல்லதா, கிராஷ் கார்டு நல்லதா? நாமளே மாட்டிக்கலாமா?

ஸ்லைடர்னா வண்டியோட ரெண்டு பக்கமும் போல்ட்ல மாட்டற பிளாஸ்டிக் குமிழ், கிராஷ் கார்டுன்னா இன்ஜினைச் சுத்தி வர்ற கம்பிக்கூண்டு. சுருக்கமா கேட்டா, ஸ்லைடர் போடுங்க, கார்டு வேணாம். நீங்களே மாட்டலாம், ஆனா கையில டார்க் ரென்ச் (போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கற ரென்ச்) இல்லைன்னா அந்த வேலைல கை வைக்காதீங்க. இனி விவரமா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல எந்த மாதிரி விழுறதுக்காக இதைப் போடுறோம்னு யோசிங்க. நிறைய பேரு மனசுல இருக்கறது வேகமா போய் வளைவுல சறுக்கி விழுற சீன், ஆனா நிஜத்துல அதிகமா நடக்கறது நின்ன இடத்துல சாயிறதுதான், சைடு ஸ்டாண்டு சரியா விழாம, யூ டர்ன்ல கால் எட்டாம, பார்க்கிங்ல பக்கத்து வண்டிக்காரர் இடிச்சு, இப்படி. 170 கிலோவோ 200 கிலோவோ இருக்கற வண்டி சும்மா சாஞ்சாலே ஃபேரிங் (வண்டியை மூடியிருக்கற பிளாஸ்டிக் பேனல்), கண்ணாடி, லிவர், ஃபுட்ரெஸ்ட், இன்ஜின் கவர்னு ஒரு பக்கம் பூரா வாங்கும். இந்த மாதிரி விழுறதுல ஸ்லைடர் அருமையா வேலை செய்யும். கொஞ்சம் வேகத்துல விழுந்து தார் ரோட்டுல நேரா வழுக்கிப் போனாலும் பரவாயில்லாம காப்பாத்தும். ஆனா ரோட்டை விட்டு மண்ணுக்கோ புல்லுக்கோ போயிட்டா கதை வேற, அங்க நீட்டிக்கிட்டு இருக்கற எதுவா இருந்தாலும் தரையில குத்தி வண்டியைப் புரட்டிப் போட்டுரும், அப்ப ஸ்லைடர் இல்லாத வண்டியை விட இருக்கற வண்டிக்கு சேதம் ஜாஸ்தி ஆகவும் வாய்ப்பு இருக்கு. விக்கிறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

கிராஷ் கார்டு வேணாம்னு சொன்னதுக்கும் இதேதான் காரணம். டூரிங் வண்டி, ஃபேரிங் இல்லாத நேக்கட் வண்டிக்கு அந்தக் கம்பிக்கூண்டு சரி. ஸ்போர்ட்ஸ் பைக்ல ஃபேரிங்கைத் தாண்டி வெளிய வரணும்னா கம்பியை ரொம்ப அகலமா வளைக்கணும், சாச்சு ஓட்டும்போது தரை தட்டும், வெயிட்டும் ஏறும், விழுந்தா வழுக்காம தரையைப் பிடிச்சு இழுக்கும்.

சரி, ஸ்லைடர் வாங்கப் போறீங்க. எல்லாரும் வெளிய தெரியற அந்தக் குமிழோட கலரைத்தான் பாப்பாங்க, நீங்க உள்ள இருக்கற போல்ட்டையும் அது எங்க போய் மாட்டுதுங்கறதையும் பாருங்க. குமிழ் விஷயம் ஈஸி: டெல்ரின், நைலான், இல்லன்னா அடர்த்தியான பாலிஎத்திலீன், இந்த மாதிரி தேய்மானம் தாங்கற, வழுக்கற பிளாஸ்டிக்கா இருந்தா போதும். பளபளன்னு சிஎன்சி அலுமினியத்துல வர்றதை ஒதுக்கிடுங்க, அது தாரைக் கவ்வும். அப்புறம் குமிழோட நடு ஓட்டையில விரலை விட்டுப் பாருங்க, போல்ட் தலை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு. விளிம்போட சமமா இருந்தா கொஞ்ச தூரம் தேய்ஞ்சதுமே இரும்புத் தலை ரோட்டைத் தொட்டுரும். நல்லா உள்ளடங்கி இருக்கணும்.

இப்ப முக்கியமான மேட்டர். ஸ்லைடர் பெரும்பாலும் இன்ஜினை ஃப்ரேமோட பிடிச்சிருக்கற மவுன்ட் போல்ட்டோட இடத்துலதான் மாட்டும், ஒரிஜினல் போல்ட்டைக் கழட்டிட்டு அதை விட நீளமான போல்ட்டைப் போட்டு அதோட நுனியில குமிழ் உக்காரும். அதாவது விழுற அடி மொத்தமும் நேரா இன்ஜின் கேஸ் மரைக்கும் ஃப்ரேமுக்கும்தான் போகுது. குமிழ் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது கடப்பாரை போட்டு நெம்புற மாதிரி வேலை செய்யும், போல்ட் வளையும், மோசமான கேஸ்ல இன்ஜின் அலுமினியத்துல இருக்கற மரை பிச்சுக்கிட்டு வரும் இல்ல ஃப்ரேம்ல போல்ட் மாட்டற காது விரிசல் விடும். பேனலைக் காப்பாத்தப் போய் ஃப்ரேமை உடைச்சுக்கிட்டா யாருக்கு லாபம்? அதனால ஃபேரிங்கை விட கொஞ்சமா வெளிய வந்தா போதும், ரெண்டு விரல் நீட்டம் இருந்தாலே நின்ன இடத்துல சாயிறதுக்கு நிறைய.

ஃபேரிங்கை வெட்டாமலே மாட்டலாம்னு ஒரு வகை வருது. சில வண்டில மவுன்ட் போல்ட் ஃபேரிங்குக்கு வெளியவே இருக்கும், அங்க பிரச்சனை இல்ல. ஆனா பல கிட்ல ஒரு தகடு குடுத்து, போல்ட் இருக்கற இடத்துலேர்ந்து தள்ளி வேற இடத்துல குமிழைக் கொண்டு வருவாங்க. அடி விழும்போது அந்தத் தகடு முறுக்கும், முறுக்கினா போல்ட்டையும் சேர்த்து முறுக்கும். தகடு நல்ல தடிமனா, ரெண்டு போல்ட்ல பிடிச்சிருந்தா ஓகே, ஒரே போல்ட்ல தொங்கினா நான் அதை வாங்க மாட்டேன். அதுக்குப் பதிலா ஃபேரிங்ல ஒரு ஓட்டை போட்டு நேரா போல்ட் போறதே மேல். புது வண்டியில ஓட்டை போட மனசு வராதுதான், புரியுது.

போல்ட் தலையில 8.8 இல்ல 10.9ன்னு அதோட பலத்தைக் காட்டற நம்பர் எழுதியிருக்கும், ஒரிஜினல்ல என்ன இருக்கோ அதுக்குக் குறையக் கூடாது. கிட்டோட வந்த போல்ட் தொலைஞ்சு போச்சுன்னு ஹார்ட்வேர் கடையில எவர்சில்வர் போல்ட் வாங்கிப் போடாதீங்க, சாதாரணமா கிடைக்கற எவர்சில்வர் போல்ட் 8.8 அளவுக்குக் கூட இழுவை தாங்காது. மரை இடைவெளியையும் கவனிங்க, 10 மிமீ போல்ட்லயே 1.25, 1.5னு ரெண்டு ரகம் இருக்கு, மாத்திப் போட்டா ரெண்டு சுத்து போய் இறுகும், அதுக்கு மேல ரென்ச் போட்டுத் திருகினா இன்ஜின் மரை காலி.

மாட்டும்போது ஒரு பக்கம் முழுசா முடிச்சிட்டு அப்புறம் அடுத்த பக்கம், ரெண்டையும் சேர்த்துக் கழட்டாதீங்க. பின்னாடி பேடாக் ஸ்டாண்டுல (பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கற ஸ்டாண்டு) வண்டியை நேரா நிறுத்திட்டு, இன்ஜினுக்கு அடியில ஒரு மரக்கட்டை வச்சு ஜாக்கியை லேசா முட்டுக் குடுங்க, சைலன்சர் பைப்லயோ ஆயில் ஃபில்டர்லயோ முட்டாம. தூக்கறதுக்கு இல்ல, வெயிட்டை வாங்கிக்க மட்டும். முதல்ல இறுக்கம் விட்டதும் போல்ட் வெளிய வர அடம் பிடிக்கும், ஜாக்கியைத் துளித்துளியா ஏத்தி இறக்கிப் பாத்தா ஒரு இடத்துல திடீர்னு விரலாலயே சுத்த வரும், அதுதான் சரியான உயரம், அதுக்கப்புறம் ஜாக்கியைத் தொடாதீங்க. புது போல்ட்டையும் கையாலதான் முதல்ல உள்ள விடணும், கையில போகலைன்னா ஏதோ தப்பு. கடைசியா சர்வீஸ் மேனுவல்லயோ கிட் பேப்பர்லயோ இருக்கற டார்க் அளவுக்கு இறுக்குங்க. ஒரு குத்துமதிப்பா இறுக்கறது இங்க வேலைக்கு ஆகாது. லாக்டைட் (மரை லூஸ் ஆகாம இருக்கத் தடவற பசை) போடச் சொல்லியிருந்தா மட்டும் போடுங்க.

இன்னொண்ணு, குமிழுக்குள்ள ஒரு உலோகக் குழல் இருக்கணும், போல்ட் இறுகறது அந்தக் குழல் மேல இருக்கணும். வெறும் பிளாஸ்டிக்கையே நெருக்கிப் பிடிக்கற டிசைன்னா பிளாஸ்டிக் நாளாக நாளாக அமுங்கும், போல்ட் தானா லூஸ் ஆகும், அது இன்ஜினைப் பிடிச்சிருக்கற போல்ட்ங்கறதை மறந்துடாதீங்க. நல்ல கிட்டா இருந்தாலும் கொஞ்ச நாள் ஓட்டிட்டு ஒரு தடவை டார்க் செக் பண்ணிடுங்க.

ஃபேரிங்ல ஓட்டை போடணும்னா இடம் குறிக்கறதுதான் தலைவலி. போல்ட்டோட நுனியில கொஞ்சம் டூத் பேஸ்ட் தடவிட்டு பேனலை அதோட இடத்துல வச்சு அமுக்குங்க, உள் பக்கம் அச்சு விழும், அங்க சின்ன ட்ரில் பிட்ல ஒரு ஓட்டை, அப்புறம் வெளிப்பக்கம் டேப் ஒட்டிட்டு ஹோல் சா (வட்டமா அறுக்கற ட்ரில் பிட்) போட்டு வெட்டுங்க. முதல்ல ரிவர்ஸ்ல சுத்த விட்டு பெயின்ட் லேயரைத் தேய்ச்சுக்கிட்டா பெயின்ட் சில்லு சில்லா பேராது. குமிழை உரசாம சுத்தி நாலஞ்சு மிமீ இடம் விடுங்க, இல்லன்னா வைப்ரேஷன்லயே பேனல் விரிசல் விடும்.

ஸ்லைடரோட நிறுத்திடாதீங்க. என்னைக் கேட்டா இன்ஜின் கவருக்கு மேல போடற கார்டுதான் அதுக்கும் முன்னாடி வாங்க வேண்டியது. கிளட்ச் கவரோ மேக்னட் கவரோ தேய்ஞ்சு ஓட்டை ஆச்சுன்னா ஆயில் கொட்டும், அது பின் டயர்ல பட்டா உங்களுக்கும் ஆபத்து, ரோட்டுல கொட்டினா பின்னாடி வர்றவனுக்கும் ஆபத்து, வண்டியும் வீட்டுக்கு வராது. ரேஸ்ல எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) விதியே, கீழ விழுந்தா தரையில படக்கூடிய, ஆயில் இருக்கற கவர் எல்லாத்துக்கும் மேல ரெண்டாவது கவர் இருக்கணும்னு சொல்லுது. ஃபோர்க் பக்கமும் ஸ்விங்ஆர்ம் பக்கமும் ஆக்சில்ல மாட்டற சின்ன ஸ்லைடர், ஹேண்டில்பார் நுனியில மாட்டற கனமான பார் எண்ட், ரெண்டும் சீப், மாட்டறதும் சுலபம். பிரேக் லிவர் கார்டு, ட்ராக்ல பக்கத்து வண்டி உரசி பிரேக் தானா பிடிச்சுக்காம இருக்கத்தான், ரோட்டுக்கு இருந்தா நல்லது, இல்லன்னாலும் பரவாயில்ல.

விழுந்ததுக்கப்புறம் குமிழ்ல வெறும் கீறல்தானேன்னு விட்டுடாதீங்க. போல்ட்டைக் கழட்டி ஒரு கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, தத்தித் தத்தி உருண்டா வளைஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. அது மாட்டியிருந்த இடத்துல ஃப்ரேம் காதைத் துடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, முடி மாதிரி கோடு தெரிஞ்சா வண்டியை ஓட்டாதீங்க, லோடு வண்டியில ஏத்திக்கிட்டு மெக்கானிக்கிட்ட போங்க.